மெல் கிப்சன்: திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள், எனக்குத் தெரிஞ்ச பதில்கள்

யாரு இவரு, ஒரே வரியில சொல்ல முடியுமா?

முடியாது. 'மேட் மேக்ஸ்', 'லீத்தல் வெப்பன்' ஹீரோ, 'பிரேவ்ஹார்ட்' எடுத்து ஆஸ்கர் வாங்குன டைரக்டர், 2006ல குடிச்சிட்டு கார் ஓட்டி மாட்டுன ராத்திரி யூதர்களைத் திட்டித் தீர்த்த ஆளு, மூணும் ஒரே மனுஷன் தான். இவரு படத்தைப் பத்தி பேச ஆரம்பிச்சா யாராவது அந்த ராத்திரியைக் கொண்டு வருவாங்க, அந்த ராத்திரியைப் பத்தி பேசுனா இன்னொருத்தர் "எல்லாம் சரிதான், நீ அவரோட 'அபோகலிப்டோ' படம் பாத்தியா"ன்னு வருவாரு. இந்த ரெண்டு சண்டையும் ஓயவே ஓயாது, அதான் ரெண்டையும் ஒரே இடத்துல போட்டுடலாம்னு உக்காந்துட்டேன்.

ஆஸ்திரேலியாகாரரா, அமெரிக்காகாரரா?

பொறந்தது அமெரிக்காவுல, நியூயார்க் மாநிலத்துல பீக்ஸ்கில்ங்கிற ஊரு, 1956 ஜனவரி 3. பதினோரு பிள்ளைங்கள்ல ஆறாவது. அப்பா ஹட்டன் கிப்சன் ரயில்வேல வேலை பாத்தவரு, வேலையில அடிபட்டு கேஸ் போட்டு நஷ்டஈடு வாங்குனாரு, 1968ல 'ஜெப்பர்டி'ங்கிற டிவி வினாடி வினாவுல ஜெயிச்சு அதுலயும் காசு பாத்தாரு. அதே வருஷம் குடும்பத்தோட சிட்னிக்குக் கிளம்பிட்டாங்க. வியட்நாம் போர் நடந்துட்டிருந்த நேரம், பையன்களை ராணுவத்துக்கு இழுத்துடுவாங்களோங்கிற பயமும் ஒரு காரணம். அப்பாவோட அம்மா ஈவா மைலட் ஆஸ்திரேலியாவுல பேர் வாங்குன பாடகி, அதனால ஊரு ஒண்ணும் புதுசில்ல. பன்னிரண்டு வயசுல போனதால பேச்சுல ஆஸ்திரேலியா ஒட்டிக்கிச்சு, குடியுரிமை என்னவோ அமெரிக்கா தான்.

இந்த அப்பாவை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருவாரு.

சினிமாவுக்கு எப்படி வந்தாரு? அந்த அடிபட்ட மூஞ்சி கதை உண்மையா?

சிட்னியில நைடான்னு சொல்ற தேசிய நாடகப் பள்ளியில படிச்சாரு. அங்க ரோமியோ ஜூலியட் போட்டப்ப இவரு ரோமியோ, ஜூலியட் யாருன்னா ஜூடி டேவிஸ். ரெண்டு பேருமே பின்னாடி பெரிய ஆளுங்க ஆயிட்டாங்க.

மூஞ்சி கதை அவரே பேட்டிகள்ல சொன்னது தான். 'மேட் மேக்ஸ்' ஆடிஷனுக்கு ஃப்ரெண்டைக் கொண்டு போய் விடப் போனாராம், அதுக்கு முந்தின ராத்திரி ஏதோ அடிதடியில மூஞ்சி வீங்கிக் கிடந்துச்சாம், அதைப் பாத்துட்டு "எங்களுக்கு இந்த மாதிரி விகாரமான ஆளுங்களும் தேவைப்படுது, திரும்பி வா"ன்னாங்களாம், வீக்கம் வடிஞ்சு போய் நின்னப்ப யாருக்கும் அடையாளமே தெரியலையாம். நடிகருங்க சொல்ற கதைக்கு எவ்ளோ உப்பு போடணுமோ அவ்ளோ போட்டுக்கோங்க.

1979ல படம் வந்துச்சு. டைரக்டர் ஜார்ஜ் மில்லர் அப்பல்லாம் டாக்டரா வேலை பாத்தவரு, கையில காசு கம்மி, ஆனா வசூல் பின்னிடுச்சு. வேடிக்கை என்னன்னா அமெரிக்காவுல ரிலீஸ் பண்ணப்ப ஆஸ்திரேலிய இங்கிலீஷ் எங்க ஆளுங்களுக்குப் புரியாதுன்னு சொல்லி மொத்தப் படத்தையும் அமெரிக்க இங்கிலீஷ்ல டப் பண்ணிட்டாங்க, ஹீரோ குரல் உட்பட. அடுத்த பாகம் 1981ல வந்துச்சு, அதுல இவருக்கு மொத்தமே பதினாறு வசனம் தான்னு ரசிகர்கள் எண்ணி வெச்சிருக்காங்க. ஹீரோ வாயைத் தொறக்காம ஜெயிச்ச படம். பின்னாடி நடந்ததை எல்லாம் பாத்தா இது எனக்கு ரொம்ப சிரிப்பா இருக்கும்.

நடிகரா எவ்ளோ பெரிய ஆளு?

இப்ப இருக்குற பசங்களுக்கு அது தெரியாது. 1985ல அமெரிக்காவோட 'பீப்பிள்' பத்திரிகை 'உயிரோட இருக்குறதுலயே கவர்ச்சியான ஆண்'னு ஒரு பட்டம் குடுக்க ஆரம்பிச்சாங்க, முதல் பட்டமே இவருக்குத் தான். 1987ல 'லீத்தல் வெப்பன்', டேனி குளோவர் கூட. பொண்டாட்டி செத்துப் போன துக்கத்துல சாகத் துணிஞ்ச போலீஸ்காரன் வேஷம், அந்தப் படத்துல துப்பாக்கியை வாயில வெச்சிக்கிட்டு அழற சீன் ஒண்ணு இருக்கு, அதுவரைக்கும் ஆக்‌ஷன் ஹீரோக்கள் அப்படி உடைஞ்சு அழுது நான் பாத்ததில்ல. 1990ல ஹாம்லெட்டா கூட நடிச்சாரு. 2002ல 'சைன்ஸ்', அதை எடுத்தது நம்ம மாஹேல பொறந்த மனோஜ் நைட் ஷியாமளன்.

அப்புறம் ஏன் டைரக்‌ஷன் பக்கம் போனாரு?

1989லயே ஐகான்னு சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சாச்சு, அதனால திடீர்னு எடுத்த முடிவெல்லாம் இல்ல. முதல் படம் 1993ல 'தி மேன் வித்அவுட் எ ஃபேஸ்', முகத்துல பாதி தீயில வெந்து போன ஒரு வாத்தியார், அவர்கிட்ட படிக்க வர்ற ஒரு பையன், சின்னப் படம், அமைதியா வந்து அமைதியா போயிடுச்சு. ஆனா கவனிச்சுப் பாருங்க, உலகமே அழகன்னு சொல்ற ஒரு நடிகன் முதன்முதலா கேமரா பின்னாடி போனதும் செஞ்ச முதல் வேலை தன்னோட மூஞ்சியை எரிச்சது தான். அதுக்கப்புறம் இவரு எடுத்த படம் எல்லாத்துலயும் யாரோட உடம்பாவது கிழியும், எரியும், தொங்கும்.

'பிரேவ்ஹார்ட்' வரலாறா, புருடாவா?

படமா பாத்தா அபாரம், வரலாறா பாத்தா முக்கால்வாசி புருடா.

1995ல வந்துச்சு. ஆஸ்கர்ல பத்து நாமினேஷன், அஞ்சு விருது, சிறந்த படம், சிறந்த டைரக்டர் ரெண்டுமே. நடிப்புக்கு நாமினேஷன் கூட கிடைக்கலை. அவரு டைரக்ட் மட்டும் தான் பண்ணணும்னு இருந்தாரு, நீ நடிச்சா தான் காசுன்னு ஸ்டூடியோ சொன்னதால தான் ஹீரோ வேஷம் போட்டாரு, அதாவது இங்கிலாந்தை எதிர்த்துச் சண்டை போட்ட ஸ்காட்லாந்து வீரன் வில்லியம் வாலஸ்.

இப்ப வரலாறு. ஸ்காட்லாந்து ஆளுங்க பாவாடை மாதிரி கட்டிக்கிட்டு சண்டைக்கு வர்றாங்கல்ல, அந்த உடை வந்ததே அதுக்கு சில நூறு வருஷம் கழிச்சு தான். முகத்துல நீலச் சாயம் பூசிக்கிறது அதுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முந்தின பழக்கம். 1297ல நடந்த சண்டைக்குப் பேரே ஸ்டெர்லிங் பாலம் சண்டை, எதிரிப் படை குறுகலான பாலத்துல பாதி கடந்தப்ப பாத்து அடிச்சது தான் வாலஸோட சாமர்த்தியம், படத்துல அந்தப் பாலமே இல்ல! வெறும் பொட்டல் தான். பிரான்ஸ் இளவரசி இசபெல்லா கூட காதல் வேற, வாலஸை 1305ல கொன்னப்ப அந்தப் பொண்ணுக்குப் பத்து வயசு இருக்கும், இங்கிலாந்துக்கே 1308ல தான் வந்துச்சு.

ஆனா அந்தச் சண்டை சீனை இப்ப பாத்தாலும் உடம்பு சிலிர்க்குது, என்ன பண்றது. அயர்லாந்துல எடுத்தாங்க, அந்த நாட்டு ராணுவத்தோட ரிசர்வ் வீரர்கள் தான் ரெண்டு பக்கமும் நின்னது. குதிரைங்க ஈட்டியில மோதி விழறது அவ்ளோ தத்ரூபமா இருந்ததால நிஜக் குதிரையைக் கொன்னுட்டாங்களோன்னு விசாரணை வரைக்கும் போச்சு, அது தண்டவாளம் மாதிரி ஒண்ணுல வேகமா தள்ளி விட்ட பொம்மைக் குதிரைன்னு விளக்கம் சொல்ல வேண்டியதாச்சு. இந்த சீன்ல நான் கவனிக்கச் சொல்றது மோதலை இல்ல, அதுக்கு முன்னாடி ஓடுற சில நொடியை. எதிரிக் குதிரைப்படை வருது, வாலஸ் "இருங்க, இருங்க"ன்னு ஆளுங்களைப் பிடிச்சு நிறுத்துறாரு, குளம்புச் சத்தம் ஏறிக்கிட்டே போகுது, நாம சீட்டைப் பிடிச்சுக்கிறோம். அந்தக் காத்திருப்பை எங்க வெட்டணும்னு தெரிஞ்ச கை அது.

அப்பவே சர்ச்சை இருந்துச்சா, இல்ல 2006ல தான் ஆரம்பமா?

அப்பவே இருந்துச்சு, மக்கள் மறந்துட்டாங்க. 1984லயே டொரோன்டோவுல குடிச்சிட்டு வண்டி ஓட்டி இன்னொரு கார்ல இடிச்சு மாட்டுனாரு. 1991ல ஒரு ஸ்பெயின் பத்திரிகைக்குக் குடுத்த பேட்டியில ஓரினச் சேர்க்கையாளர்களைப் பத்தி ரொம்பக் கேவலமா பேசினாரு, மன்னிப்பும் கேக்க மாட்டேன்னுட்டாரு. பிரேவ்ஹார்ட்ல ஓரினச் சேர்க்கையாளரா காட்டுன இளவரசனோட நண்பனை ராஜா ஜன்னல் வழியா தூக்கி எறியுற காட்சியை காமெடி மாதிரி எடுத்திருந்தாரு, தியேட்டர்ல சிரிச்சாங்க, அதுக்கும் போராட்டம் நடந்துச்சு.

'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' ஏன் அவ்ளோ பெரிய பிரச்சினை ஆச்சு?

இது தான் நீளமான பதில், டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

ஏசுவோட கடைசி பன்னிரண்டு மணி நேரம் தான் கதை. பேசுற பாஷை ஏசு காலத்துல அந்தப் பக்கம் பேசுன அரமேயிக், அப்புறம் ஹீப்ரூ, லத்தீன். எந்த ஸ்டூடியோவும் தொடலை, யாரு தொடுவா, அதனால சுமார் 3 கோடி டாலர் தயாரிப்புச் செலவை சொந்தக் கம்பெனியே போட்டுச்சு. முதல்ல அவரு சப்டைட்டிலே வேணாம்னு தான் சொன்னாரு. காட்சியே பேசட்டும்னு. அப்புறம் மனசு மாறிப் போட்டாங்க. இத்தாலியில மத்தேரா ஊர்லயும் ரோம் சினிசித்தா ஸ்டூடியோவுலயும் ஷூட்டிங். ஏசுவா நடிச்ச ஜிம் கவீசலுக்குத் தோள் மூட்டு நழுவுச்சு, ஷூட்டிங் நடக்கும்போது மின்னல் வேற அடிச்சுது, கதையில்ல, நிஜமாவே.

2004 பிப்ரவரி 25, சாம்பல் புதன் அன்னைக்கு ரிலீஸ். உலகம் முழுக்க 60 கோடி டாலருக்கு மேல வசூல். புரியாத பாஷை, சின்னப் பசங்க தனியா வர முடியாத ரேட்டிங், இந்த ரெண்டையும் வெச்சுக்கிட்டு.

பிரச்சினை என்னன்னா, ஏசுவோட சாவுக்கு யூதர்கள் மேல பழி போடுற பழைய நாடக மரபு ஐரோப்பாவுல நூத்துக்கணக்கான வருஷமா இருந்துச்சு, அந்த நாடகம் முடிஞ்சதும் கிளம்பிப் போய் யூதர் தெருவுல அடிச்சு நொறுக்குன வரலாறும் இருக்கு. அதனால யூத அமைப்புகள் ரிலீஸுக்கு முன்னாடியே எச்சரிக்கை விட்டாங்க. முக்கியமா மத்தேயு சுவிசேஷத்துல வர்ற ஒரு வசனம், "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக"ன்னு கூட்டம் கத்துறது. எதிர்ப்பு வந்ததும் கிப்சன் என்ன பண்ணாரு தெரியுமா, சப்டைட்டில்ல அந்த வரியைத் தூக்கிட்டாரு, ஆனா சவுண்டுல அரமேயிக்ல அது அப்படியே இருக்கு. புரியுறவனுக்குக் கேக்கும், மத்தவனுக்குக் கேக்காது. இதை சமரசம்னும் சொல்லலாம், குசும்புன்னும் சொல்லலாம், நான் ரெண்டாவது கட்சி.

இதுல தான் அப்பா வர்றாரு. ஹட்டன் கிப்சன் 1960கள்ல கத்தோலிக்க சபையில வந்த வாட்டிகன் சீர்திருத்தம் எதையும் ஏத்துக்காத தீவிர பழமைவாதி, யூதர்களைக் கூட்டம் கூட்டமா கொன்ன ஹோலோகாஸ்டையே பெருசா ஊதிச் சொல்றாங்கன்னு வெளிப்படையா பேசுனவரு. மகன்கிட்ட கேட்டா அப்பாவை விட்டுக் குடுக்க மாட்டேன்னு நின்னாரு. பாசம்னு விட்டுடலாம்னு சில பேர் நெனச்சாங்க, ரெண்டரை வருஷத்துக்குள்ள அந்த நெனப்பும் போச்சு.

அந்தப் படத்துல ஆணி அடிக்கிற கை இவரோடதா?

ஆமா. ஏசுவோட கையில ஆணியை வெச்சுப் பிடிக்கிற இடது கை டைரக்டரோடது தான். அவரைக் கொன்னதுல எனக்கும் பங்கு இருக்குன்னு காட்ட அப்படிப் பண்ணேன்னு சொல்லியிருக்காரு.

2006ல என்ன தான் நடந்துச்சு?

ஜூலை 28, விடிகாலை ரெண்டரை மணி வாக்குல, கலிபோர்னியா மாலிபு பக்கம் பசிபிக் கோஸ்ட் ஹைவேல வேகமா கார் ஓட்டிட்டுப் போனவரை நிறுத்துனாங்க. ரத்தத்துல ஆல்கஹால் 0.12 சதவீதம், அங்க எல்லை 0.08. அதோட நின்னிருந்தா ஃபைன் கட்டிட்டுப் போயிருப்பாரு. கைது பண்ண அதிகாரிகிட்ட உலகத்துல நடக்குற போருக்கெல்லாம் யூதர்கள் தான் காரணம்னு கத்தி, நீ யூதனான்னு கேட்டாரு. அந்த அதிகாரி யூதர் தான். ரிப்போர்ட் வெளிய கசிஞ்சு ஊரே நாறிடுச்சு.

நுணலும் தன் வாயால் கெடும்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க.

ரெண்டு தடவை மன்னிப்பு அறிக்கை விட்டாரு, மூணு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்புல இருந்தாரு. குடிப்பழக்கத்தோட போராடுறேன்னாரு, அது உண்மை தான், அவரே பல வருஷமா சொல்றது. ஆனா போதை இல்லாததை வாயில கொண்டு வராது, உள்ள இருக்குறதைத் தான் கொண்டு வரும்ங்கிறது என் கருத்து, நீங்க வேற மாதிரி நெனச்சாலும் சண்டைக்கு வரல.

2010 டேப் விவகாரம்?

அது இதை விட மோசம். முன்னாள் காதலியை ஃபோன்ல மிரட்டித் திட்டுற ஆடியோ வெளிய வந்துச்சு, கறுப்பின மக்களைப் பத்தின கேவலமான வார்த்தையும் அதுல இருந்துச்சு. அவருக்குப் பட வாய்ப்பு பேசிக் குடுத்த ஏஜென்சி கைவிட்டுடுச்சு. 2011ல அந்தக் காதலியை அடிச்ச வழக்குல எதிர்வாதம் பண்ணாம தண்டனையை ஏத்துக்கிட்டாரு, ஜெயில் இல்ல, மூணு வருஷ கண்காணிப்பும் கவுன்சிலிங்கும். 1980ல கட்டுன மனைவி, அவங்களுக்கு ஏழு பிள்ளைங்க, அந்தக் கல்யாணமும் அதே 2011ல சட்டப்படி முடிஞ்சுது. அந்த டேப்பைக் குடி, கோபம்னு சொல்லி மெழுகுறவங்க கூட எனக்குப் பேச்சே இல்ல, மறுமுனையில ஒரு பொம்பளை பயந்துக்கிட்டு நின்னிருக்கா.

'அபோகலிப்டோ' ஏன் எல்லாருக்கும் பிடிக்குது?

2006 டிசம்பர்ல, கைதாகி அஞ்சு மாசத்துக்குள்ள வந்த படம், ஆளு மேல இருந்த கோபத்துல அமெரிக்காவுல பலர் போகவே இல்ல. மெக்சிகோ காட்டுல எடுத்தது, பாஷை யுகாடெக் மாயா, அந்தப் பக்கத்து மாயா மக்கள் பேசுறது.

நான் இதை முதல்ல பாத்தது ஒரு ஃப்ரெண்ட் குடுத்த பென்டிரைவ்ல, சப்டைட்டில் ஃபைல் ஓடவே இல்ல. பத்து நிமிஷம் திட்டிக்கிட்டே பாத்தேன், அப்புறம் திட்ட மறந்துட்டேன். ஹீரோ தன் பொண்டாட்டி பிள்ளையைக் கிணறு மாதிரி ஒரு குழியில கயித்துல இறக்கி விடுறான், எதிரி வந்து அந்தக் கயித்தை அறுத்துடுறான், இவனை வேற ஊருக்கு இழுத்துட்டுப் போறாங்க. அவ்ளோ தான் கதை, அவன் திரும்பி வரணும், மழை வந்து குழி ரொம்புறதுக்குள்ள வரணும். எந்த வசனமும் புரியலை, எதுவும் புரியாமலும் போகலை. ரெண்டாவது தடவை சப்டைட்டிலோட பாத்தப்ப கூடுதலா கிடைச்சது நாலஞ்சு ஜோக்கும் அந்தச் சின்னப் பொண்ணு சொல்ற குறியும் தான்.

குறையும் சொல்லணும்ல. மாயா நாகரிகத்தை ஆராய்ச்சி பண்றவங்க கொதிச்சுப் போனாங்க. கூட்டம் கூட்டமா நரபலி குடுக்குறது மெக்சிகோவோட இன்னொரு பழைய இனமான அஸ்டெக் மக்களோட சேர்த்துச் சொல்ற வழக்கம், அதைத் தூக்கி மாயா கோயில்ல வெச்சுட்டாரு, அந்தப் பெரிய நகரங்கள் பாழாகி ஆறு நூற்றாண்டு கழிச்சு வந்த ஸ்பெயின் கப்பலை அதே படத்துல கரை சேத்துட்டாரு, வானியலும் கணக்கும் எழுத்தும் தெரிஞ்ச ஒரு இனத்தை வெறும் ரத்தவெறிக் கூட்டமா காட்டிட்டாருன்னு. நியாயமான கோபம் தான்.

அவ்ளோ நடந்தும் ஹாலிவுட் எப்படித் திரும்பச் சேத்துக்கிச்சு?

ஒரே நாள்ல இல்ல, பத்து வருஷம் ஆச்சு. ராபர்ட் டவுனி ஜூனியர் போதையில விழுந்து கிடந்து எந்தப் படத்துக்கும் இன்சூரன்ஸ் கிடைக்காம இருந்தப்ப, 2003ல வந்த ஒரு படத்துக்கு அந்தப் பணத்தைக் கட்டி வேலை குடுத்தது கிப்சன். அதை மறக்காம 2011ல தனக்கு விருது குடுத்த மேடையில கிப்சனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு இவரை மன்னிச்சிடுங்கன்னு டவுனி கேட்டாரு. அதே வருஷம் ஜோடி ஃபாஸ்டர் எடுத்த படத்துல ஹீரோவா வந்தாரு, படம் ஓடலை.

உண்மையான திரும்பல் 2016ல 'ஹேக்சா ரிட்ஜ்'. டெஸ்மண்ட் டாஸ்னு ஒரு நிஜ ஆளு, துப்பாக்கியைத் தொட மாட்டேன்னு மத நம்பிக்கையில நின்ன ராணுவ மருத்துவ உதவியாளர், 1945ல ஒகினாவா சண்டையில சுமார் 75 பேரை மலை விளிம்புல இருந்து கயித்துல கட்டிக் கீழ இறக்கிக் காப்பாத்துனவரு. ஆறு ஆஸ்கர் நாமினேஷன், டைரக்டர் நாமினேஷனும் சேத்து, எடிட்டிங்குக்கும் சவுண்ட் மிக்சிங்குக்கும் விருது. அந்த சவுண்ட் ஆளு கெவின் ஓ'கானல் அதுக்கு முன்னாடி இருபது தடவை நாமினேட் ஆகி இருபது தடவையும் வெறுங்கையோட வீட்டுக்குப் போனவரு!

நிஜ டாஸ் அடிபட்டு ஸ்ட்ரெச்சர்ல போகும்போது வேற ஒருத்தனுக்கு அடி அதிகம்னு தான் இறங்கிக்கிட்டு, அப்புறம் கையில குண்டு பட்டு, துப்பாக்கிக் கட்டையை வெச்சு கையைக் கட்டிக்கிட்டுத் தவழ்ந்தே போனாரு. இதைப் படத்துல வெக்கலை, வெச்சா யாரும் நம்ப மாட்டாங்கன்னு விட்டுட்டாங்க. பிரேவ்ஹார்ட்ல பாலத்தைத் தூக்கிட்டு இளவரசியை இழுத்துட்டு வந்தவரு, நிஜமா நடந்ததை நம்ப மாட்டாங்கன்னு விட்டது இங்க தான்.

இப்ப என்ன பண்றாரு?

2025 ஜனவரி அவருக்கு விசித்திரமான மாசம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் காட்டுத்தீ வந்து மாலிபு வீடு எரிஞ்சு போச்சு, அவரு அப்ப ஊர்ல இல்ல, ஒரு பாட்காஸ்ட்ல உக்காந்து பேசிக்கிட்டிருந்தாரு. அதே மாசம் டிரம்ப் இவரையும் நடிகர்கள் ஸ்டலோனையும் ஜான் வாய்ட்டையும் ஹாலிவுட்டுக்கு சிறப்புத் தூதர்கள்னு அறிவிச்சாரு. அதே மாசம் இவரு டைரக்ட் பண்ண 'ஃப்ளைட் ரிஸ்க்'னு ஒரு படம் வந்துச்சு, ஒரு சின்ன விமானம், மூணு பேர், முழுக்க வாயாலயே ஓடுற படம், முதல் வாரம் முதலிடம் தான் ஆனா எனக்கு அரை மணி நேரத்துல கொட்டாவி வந்துடுச்சு. ஏசு படத்தோட தொடர்ச்சி, உயிர்த்தெழுதல் கதை, 2025ல ரோம் சினிசித்தாவுல ஷூட்டிங் ஆரம்பிச்சு, ரெண்டு பாகமா 2027ல வரும்னு அறிவிச்சாங்க. ஏசு வேஷத்துக்கு ஆள் மாறியாச்சு, கவீசல் இல்ல.

இவரு படத்தைப் பாக்கலாமா கூடாதா?

அது உங்க காசு, உங்க மனசு. காசு அவருக்குப் போகக்கூடாதுன்னு பாக்காம இருக்குறவங்களைக் கிண்டல் பண்ண மாட்டேன். நான் பாக்குறேன், பாத்துட்டு எழுதும்போது அந்த ராத்திரியையும் அந்த டேப்பையும் விடாம எழுதுறேன்.

முதல் தடவை பாக்குறவங்க எதுல ஆரம்பிக்கலாம்?

அபோகலிப்டோ. முதல் அரை மணி நேரம் சப்டைட்டிலை ஆஃப் பண்ணிடுங்க, ஹெட்ஃபோன் இருந்தா மாட்டிக்கோங்க. குழிக்குள்ள தண்ணி ஏற ஆரம்பிக்கும்போது யாராவது கதவைத் தட்டுனா தொறக்காதீங்க.